ஸ்மார்ட் போர்ட்டுக்கு விழுந்த நாவூறு

ஈச்சங்காட்டு வித்தியாலயத்துக்கு ஸ்மார்ட் போர்ட் தரப்போகிறார்கள் என்று கடிதம் வந்த அன்று, விஞ்ஞான ஆசிரியை கமலாசனி பல்வலி என்று விடுப்பில் நின்றார். அதுதான் அவர் செய்த பிழை. எங்கள் பாடசாலைகளில் ஒருவர் தலையில் ஒரு பொறுப்பைக் கட்டுவதற்குத் திறமை, தகுதி, அனுபவம் எதையும் பார்ப்பதில்லை. அன்றைக்கு யார் வரவில்லை என்று பார்த்தால் போதும். வராதவர் மறுத்துப் பேசமாட்டார். அதிபர் முத்துலிங்கம் 'பயிற்சிக்கு அனுப்பப்படும் ஆசிரியர்' என்ற இடத்தில் கமலாசனியின் பெயரை எழுதி, முத்திரை குத்தி, ஒரு நிம்மதிப் பெருமூச்சும் விட்டுவிட்டார்.

பாடசாலை தர்மபுரத்திலிருந்து கிரவல் பாதையில் உள்ளே போகவேண்டிய இடத்தில் இருக்கிறது. இரண்டு கட்டடம், ஒரு கிணறு, நூற்றுச்சொச்சம் பிள்ளைகள். ஆய்வுகூடம் கிடையாது. இருபத்து மூன்று வருடமாகக் கமலாசனியின் கைப்பைதான் ஆய்வுகூடம். அதற்குள் கையை விட்டால் காந்தம், பலூன், ரோச் லைற், மெழுகுதிரி, சின்னப் போத்தலில் புளிக்கரைசல் என்று என்னென்னவோ வரும். ஒருமுறை பஸ்ஸில் அவசரத்தில் கையை விட்டு, கொண்டக்டரிடம் ஒரு மாட்டுப் பல்லை நீட்டியிருக்கிறார்.

பயிற்சி கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் ஐந்து நாள் நடந்தது. நடத்தியவர் யோகநாதன் என்ற அதிகாரி. தங்கமான மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். யாரும் கேள்வி கேட்பதையும் விரும்பமாட்டார். வகுப்பறைக் கற்பித்தலோடு தொழில்நுட்பத்தைச் சேர்ப்பது எப்படி என்று நூற்று நாற்பத்திரண்டு ஸ்லைட் வைத்திருந்தார். ஆனால் அந்த மண்டபத்து ஸ்மார்ட் போர்ட் பழுது. திறப்புவிழாவுக்குப் போட்ட மாலையோடு, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி அது மூலையில் நின்றது. ஆகவே எல்லா ஸ்லைட்டையும் போட்டோப்பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் வாசித்தார். ஆசிரியர்கள் அதைத் திரும்பவும் கொப்பியில் எழுதினார்கள். தாள் கையில் இருக்க ஏன் எழுதுகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாராவது முன்னால் நின்று வாசித்தால் ஆசிரியர்களின் கை தானாக எழுதத் தொடங்கிவிடும்.

மூன்றாம் நாள் யோகநாதன் மூன்று வட்டம் கீறச் சொன்னார். முதல் வட்டம் பாடத்தைப் பற்றிய அறிவு. இரண்டாவது, எப்படிக் கற்பிப்பது என்ற அறிவு. மூன்றாவது, கருவியைப் பற்றிய அறிவு. மூன்றும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் சின்னதாக ஒரு துண்டு வரும். அந்தத் துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று கமலாசனி கேட்டுவிட்டார். யோகநாதன் தாளைப் புரட்டினார், முன்னுக்குப் போனார், பின்னுக்கு வந்தார்.

"அதுதான் ரீச்சர் மிக முக்கியமான இடம்," என்றார் கடைசியில். "அதை நல்லா நிறம் தீட்டுங்கோ."

கமலாசனி சிவப்பு நிறம் தீட்டினார்.

போர்ட் வந்ததும், பொருத்த வந்த பையன்கள் எந்தப் பொத்தானை அமத்தினால் எரியும், எதை அமத்தினால் அணையும் என்று காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கே கமலாசனி தரம் எட்டுக்கு ஒரு வீடியோ போட்டார். தவளையின் கால்விரல்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய தோலை நுணுக்குக்காட்டியால் எடுத்த படம். இரத்தக் கலங்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடின. இருபத்தெட்டுப் பிள்ளைகளும் கதிரையை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்கள். இருபத்து மூன்று வருடமாகக் கரும்பலகையில் சிவப்பு வெண்கட்டியால் புள்ளி புள்ளியாகக் குத்திக் காட்டிய சாமான் இதுதானா என்று கமலாசனியே போர்ட்டுக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார். அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு அந்தப் போர்ட் வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்க மனம் வராமல் நிற்பவர்களைப் போல ஆகிவிட்டார்.

அதிபருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. நல்ல நேரம் பார்க்காமல், ஒரு விளக்குக்கூடக் கொளுத்தாமல் தவளையோடு தொடங்கிவிட்டார்களே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த கிழமையே முறையாக ஒரு திறப்புவிழா வைத்தார். நிறைகுடம், குத்துவிளக்கு, வாழைப்பழம் எல்லாம் வந்தன. பூமாலை வாடிவிடும் என்று, சாமத்தியவீடு, கலியாணவீடு என்று அலங்காரச் சாமான் விற்கும் சோடனைக் கடையில் இரண்டு முழம் கூடுதலாக ஒரு பிளாஸ்டிக் மாலை வாங்கிவந்து, சுபமுகூர்த்தத்தில் தன் கையாலேயே போர்ட்டின் மேல் சட்டத்தில் கட்டினார். மாலை கண்ணாடியின் மேல் வளைந்து தொங்கியது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து போர்ட்டுக்குப் பைத்தியம் பிடித்தது.

ஒருவரும் தொடாமலே பக்கம் புரண்டது. யாரோ கோபத்தில் கிறுக்கியது போலக் கோடுகள் விழுந்தன. சத்தம் தானாகக் கூடியது. தரம் ஆறு ஆங்கிலப் பாடத்தின் நடுவில் எங்கேயோ இருக்கிற ஒரு பெண்மணி சமையல் வீடியோவில் வந்து நண்டுக் கறிக்கு உள்ளி தட்டத் தொடங்கினார். பிள்ளைகள் அந்த மாதத்தில் வேறு எந்தப் பாடத்தையும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை என்று ஆங்கில ஆசிரியர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

பாடசாலைச் சிற்றூழியர் வடிவம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒரே முடிவாகச் சொன்னார். இது நாவூறு. மற்றப் பள்ளிக்கூடங்களின் கண் பட்டுவிட்டது. அன்று மத்தியானமே ஒரு தேசிக்காயையும் ஏழு செத்தல் மிளகாயையும் நூலில் கோத்து, மாலைக்கு நடுவில் தொங்கவிட்டார். போர்ட்டின் பைத்தியம் இரட்டிப்பானது. அதிபர் திருநீறு கொண்டுவந்து கீழ்ச் சட்டத்தில் மூன்று குறி நீளத்துக்கு இழுத்தார். அதற்குப் பிறகு கீழ்ப்பக்கத்தில் சில இடங்களில் கையால் தொட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் அடங்கியிருக்கிறது, பலன் தெரிகிறது என்று அதிபர் திருப்திப்பட்டார்.

கமலாசனி பயிற்சியில் எழுதிய கொப்பியைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை மூன்றுமுறை வாசித்தார். நாலாம் முறை வாசிக்கும்போது தான் ஒரு மக்கு என்று முடிவுக்கு வந்தார். ஐந்து நாள் பயிற்சி எடுத்தவருக்கே முடியவில்லை என்றால் பிறகு யாருக்கு முடியும்? பொருத்திய பையன்களுக்கு அழைப்பெடுத்தார். அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கோ என்றார்கள். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். நண்டுக் கறிக்காரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து அடுத்த கடிதம் வந்தது. போர்ட் பாடத்துக்குப் பயன்படுகிறதா என்று வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி வந்து மாதிரிப் பாடம் பார்ப்பார். பயன்படவில்லை என்றால் திங்கட்கிழமை லொறி வந்து ஏற்றிக்கொண்டுபோய் ரவுணில் ஒரு பெரிய பாடசாலைக்குக் கொடுத்துவிடும். வருவது யோகநாதன் சேர்தான். அந்தத் தவளையை ஏற்கெனவே நாலு வசதி உள்ள பிள்ளைகளுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கப்போகிறார்கள் என்று நினைக்க, கமலாசனிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பாடம் பத்தே முக்காலுக்கு என்று குறித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிப் பன்னிரண்டுக்குத்தான் முடியும். அதிபர் தொலைபேசியில் கெஞ்சிப் பார்த்தார், நேரம் மாறவில்லை. யோகநாதன் வந்து, பின்வரிசையில் ஒரு கதிரையில் படிவத்தோடு அமர்ந்தார். அதிபர் பக்கத்தில் அமர்ந்து உள்ளுக்குள் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். ஃபான் மூன்றாம் வேகத்தில் சுழன்றது.

தரம் எட்டுக்கு, பாடம் ஒளி. கமலாசனி வணக்கம் சொல்லி, போர்ட்டைத் தொட்டு, தயார் செய்து வைத்த படத்தைத் திறந்தார். படம் வந்தது, புரண்டது, போனது. குறுக்கும் மறுக்கும் கோடு விழுந்தது. சத்தம் ஏறியது. நண்டுக் கறிக்காரி வந்து, இன்றைக்கு இறால் என்று அறிவித்தார்.

யோகநாதன் படிவத்தில் ஏதோ எழுதினார்.

கமலாசனி போர்ட்டைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு வழமை போலக் கைப்பைக்குள் கையை விட்டார். போனால் போகட்டும், பாடத்தையாவது ஒழுங்காகப் படிப்பித்துவிடுவோம் என்ற எண்ணம்தான். ரோச் லைற் வந்தது. சீப்பைக் காணவில்லை.

"ஆரிட்டயாவது சீப்பு இருக்கோ?"

ஒருவரும் பைக்குள் கையை விடவில்லை. சீப்பும் கண்ணாடியும் கொண்டுவரக்கூடாது என்று சட்டம் போட்டவர் பின்வரிசையில் இருக்கிறார். அதிபர் தேவாரத்தை நிறுத்தி, இன்றைக்கு மட்டும் மன்னிப்பு என்பது போலக் கையை அசைத்தார். பதினொரு சீப்பு வெளியே வந்தது. அதில் எட்டு, பெடியன்களுடையது.

போர்ட்டின் சத்தத்தைக் குறைத்து, யன்னல்களைச் சாத்தி, மேசையில் வெள்ளைத் தாளை விரித்துப் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்தார். ரோச்சுக்கு முன்னால் சீப்பை நிறுத்தினார். பல்லுக்குப் பல் இடைவெளியால் வெளிச்சம் வந்து தாளில் நேர்நேராகக் கோடு போட்டது. ஒளி நேர்கோட்டில் செல்லும். வளைந்து போகாது, சுற்றிப் போகாது. ஒரு கோட்டுக்குக் குறுக்கே விரலை வைத்தார். அந்தக் கோடு விரலோடு நின்றுவிட்டது.

சிவரூபி என்ற பிள்ளை தாளின் அந்தத் தொங்கலில், கோடுகள் போய் முடிகிற முனையில் நின்றது. முன்னால் நின்றவர்கள் மறைத்ததால் அதற்கு ரீச்சரின் கை தெரியவில்லை.

"நாலாவது கோட்டில விரல் வச்சிருக்கிறீங்கள், ரீச்சர்," என்றது.

"நீ என்ர கையைப் பாக்கேல்லையே. எப்பிடிச் சொன்னனீ?"

"இங்கால நாலாவது கோடு வந்து சேரேல்லை. அப்ப அங்கால ஏதோ மறிக்குதுதானே."

கமலாசனியின் கை அப்படியே நின்றது. ஸ்லைட் தொண்ணூற்றேழு. கொப்பியில் தன்னுடைய சொந்தக் கையெழுத்து. 'சட்டத்தின் ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி கண்ணாடியின் மேலாக ஓடும். விரல் அதை மறிக்கும்போது தொடுகை உணரப்படும்.' அடியில் கோடுகூடப் போட்டிருந்தார். நாலுமுறை வாசித்தும் ஒன்றும் ஏறாத வசனம், ஒரு சீப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தலைக்குள் வந்து சப்பாணி கட்டி உட்கார்ந்தது. மெதுவாகத் திரும்பிப் போர்ட்டைப் பார்த்தார். ஃபான் காற்றில் மாலை ஊஞ்சலாடியது. தேசிக்காய் கண்ணாடியில் தட்டித் தட்டி விளையாடியது.

விடையைச் சொல்லிவிட நாக்குத் துடித்தது. ஆனால் இருபத்து மூன்று வருடம் படிப்பித்த நாக்குக்கு அடங்கவும் தெரியும். அவர் அந்த வசனத்தைக் கொப்பியிலிருந்து வாசித்துக் காட்டி ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"அப்ப பிள்ளையள், நாங்கள் ஒருத்தரும் தொடேக்குள்ள உந்த போர்ட்டை ஆர் தொடுறது?"

இருபத்தெட்டுத் தலை ஒன்றாகத் திரும்பியது. பிறகு ஒருவன் மிளகாய் என்றான். ஒருத்தி மாலை என்றாள். இன்னொருவன் காற்று என்று சொல்லிச் சிரிப்பு வாங்கினான். யார் சொல்வது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ரீச்சர் கேட்டார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவேண்டும் என்றார்கள். ஃபானை நிறுத்தினார்கள். மாலை மெல்ல மெல்ல ஆட்டம் குறைந்து நின்றது. இறால்காரி போனார், கிறுக்கல் நின்றது. ஃபானைப் போட்டார்கள், பைத்தியம் திரும்பியது. மூன்று தரம் செய்தும் அதுவே. காற்று என்று சொன்னவன் தன்னுடையதும் பாதி சரி என்று வாதாடினான். ரீச்சர் ஒப்புக்கொண்டார்.

"அப்ப மாலையைக் கழட்டுவம்," என்றது சிவரூபி.

பின்வரிசையில் அதிபர் எழுந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. சுபமுகூர்த்தத்தில் கட்டிய மாலை. மணி பதினொன்று பத்து. ராகுகாலத்தில் கழற்றினால் பாடசாலைக்கே கூடாது, பன்னிரண்டு மட்டும் பொறுக்கவேண்டும் என்று மன்றாடினார். பாடம் பதினொன்றரைக்கு முடிந்துவிடும். யோகநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார். கமலாசனிக்கு அதிபரோடு கோபிக்கவும் முடியவில்லை. அவர் கண்ணில் இருந்தது வீம்பு இல்லை, பயம். இந்தப் பாடசாலைக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்கிற பயம்தான்.

"நீங்கள் கழட்ட வேண்டாம் சேர்," என்றார் மெல்ல. "வெளிச்சத்தை மறிக்காமல் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கலாமோ?"

முத்துலிங்கம் யோசித்தார். பஞ்சாங்கத்தைப் பக்கம் பக்கமாக மனதுக்குள் புரட்டினார். தூக்கிப் பிடிப்பதற்கு எந்தத் தடையும் அகப்படவில்லை. செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார், கதிரையில் ஏறினார். மாலையையும் தேசிக்காயையும் ஏழு மிளகாயையும் இரண்டு கையாலும் அள்ளித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வகுப்பைப் பார்த்தபடி நின்றார்.

கீழ்ச் சட்டத்தில் வெளிச்சத்தை மறித்துக்கொண்டு திருநீறு மிச்சம் இருந்தது. அதைத் துணியால் துடைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. வாசலில் நின்ற வடிவம்மா வழி சொன்னார். திருநீற்றைத் துடைக்கத்தான் கூடாது; எடுத்துப் பூசலாம். இருபத்தெட்டுப் பேரும் வரிசையில் வந்து, விரலால் தொட்டுத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு போனார்கள். கடைசிப் பிள்ளை போனபோது சட்டம் பளிச்சென்று இருந்தது. யோகநாதனும் எழுந்து வந்து கொஞ்சம் பூசிக்கொண்டார்.

ஃபான் முழு வேகத்தில் சுழல, கமலாசனி போர்ட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு விரலால் ஒரு கோடு இழுத்தார். கோடு இழுத்த இடத்தில் நின்றது. புரளவில்லை, கிறுக்கவில்லை. அவர் விரலை எடுத்த பிறகும் அங்கேயே இருந்தது. பிள்ளைகள் மேசையில் தட்டினார்கள். விரலுக்குக் கீழே சீப்புப் பல்லுக்குள்ளால் வந்தது போல எத்தனை கோடு ஓடுகிறது என்று ஆளாளுக்கு வந்து தொட்டுப் பார்த்தார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் தவளையைக் கேட்டார்கள். தவளை வந்தது. நெற்றி நிறையத் திருநீறோடு இருபத்தெட்டுப் பேர் இரத்தம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமலாசனிக்குக் கண் கலங்கியது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

மணி அடித்தது. யோகநாதன் படிவத்தை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். 'ஆசிரியர் பாடத்துக்குத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினாரா?' என்ற கேள்விக்குப் பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான். அதில் முதலில் எதையோ குறித்து, வெட்டியிருந்தார். இப்போது ஆம் என்று குறித்து, இடம் போதாமல் தாளின் விளிம்பு வரை எழுதி, மறுபக்கமும் திருப்பி எழுதியிருந்தார்.

"லொறி வராது ரீச்சர். போர்ட் இஞ்சையே நிக்கட்டும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த மூண்டு வட்டத்துக்கு நடுவில என்ன எண்டு அண்டைக்குக் கேட்டனீங்கள். எனக்குத் தெரியாதெண்டுதான் நிறம் தீட்டச் சொன்னனான்."

கமலாசனி மேசையில் கிடந்த சீப்பை எடுத்து ஓரமாக வைத்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்றார். அவர் ஒரு நிமிடம் என்று சொல்லி, தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தேத்தண்ணியோடு பின்னால் போன கமலாசனி, கிணற்றடியில் அவர் முதுகைத் திருப்பி நின்று பேசுவதைக் கேட்டார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

"மண்டபத்தில மூலைக்க நிக்குதல்லே, அந்தப் பழுதான போர்ட். ஓம், ரெண்டு வருசமா நிக்கிறது. அதைக் கழிவுச் சாமானில எழுத வேண்டாம். ஒருக்கா மாலையைக் கழட்டிப்போட்டுப் பாருங்கோ." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லை, இல்லை, பன்ரெண்டு மணிக்குப் பிறகு கழட்டுங்கோ."

கமலாசனி சிரிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் கொடுத்தார். அடுத்த பயிற்சிக்கு வருகிற ஆசிரியர்களை என்ன கொண்டுவரச் சொல்வது என்று அவர் கேட்க, ஆளுக்கொரு சீப்பு என்றார் கமலாசனி. யோகநாதன் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

அவரை வழியனுப்பிவிட்டு, கொப்பியை எடுக்க வகுப்புக்குத் திரும்பினார். பிள்ளைகள் எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்கள். அதிபர் முத்துலிங்கம் மட்டும் கதிரையின் மேல், மாலையைத் தலைக்கு மேலே பிடித்தபடி, அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"பன்ரெண்டு ஆச்சுதே, ரீச்சர்?"

"இன்னும் பத்து நிமிசம் இருக்கு, சேர்," என்றார் கமலாசனி. மற்றக் கதிரையை இழுத்துப் போட்டு அதில் ஏறி, தேசிக்காய்ப் பக்கத்தைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டார்.